மே மாதத்துக்கும் ஆகஸ்டுக்கும் இடையில்

சிங்கப்பூரில் பல்கலைக்கழக விடுதியொன்றில் தங்கிப் படிக்கும் எவரும் ஆண்டின் மிகப் பெரிய குப்பைக் குவியலை மே மாதத்தில்தான் பார்க்கிறார்கள். ஏப்ரல் இறுதியில் தொடங்கும் தேர்வுகள் மே மாதத் தொடக்கத்தில் முடிகின்றன. கடைசித் தேர்வு எழுதிய சில நாள்களுக்குள் அறையைக் காலி செய்து சாவியை ஒப்படைத்துவிட வேண்டும். ஊர் திரும்பும் வெளிநாட்டு மாணவருக்கு விமான நிறுவனம் அனுமதிக்கும் எடை குறைவு. ஒரே ஒரு பருவத்துக்காக வந்த பரிமாற்ற மாணவருக்கோ எதையும் எடுத்துச்செல்லும் எண்ணமே இருப்பதில்லை. மேசை விசிறி, துணிமாட்டிகள், மின்கேத்தல், எக்ஸ்டென்ஷன் வயர், சலவைக்கூடை, படிப்பு விளக்கு, பாதி தீர்ந்த சலவைத்தூள், திறக்கப்படாத அரிசி மூட்டை, இவையெல்லாம் விடுதியின் குப்பைத் தொட்டிகளைச் சுற்றிக் குவிந்துவிடுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் எந்தப் பழுதும் இருப்பதில்லை. ஆகஸ்டு மாதம் புதிய கல்வியாண்டு தொடங்கும்போது, அதே கட்டடத்துக்கு, சில சமயம் அதே அறைக்கே வரும் புதிய மாணவர், அதே விசிறியையும் அதே துணிமாட்டிகளையும் கடையில் புதிதாக வாங்குகிறார்.

மாணவர்களிடம் நீடித்த நிலைத்தன்மை குறித்துப் பேசுவோர் பெரும்பாலும் உறிஞ்சுகுழல்களையும் துணிப்பைகளையும் பற்றிப் பேசுகிறார்கள். அவையும் பேசப்பட வேண்டியவைதாம். ஆனால், விடுதி வாழ்க்கையில் நான் கண்டவரை, மாணவர்கள் அக்கறையில்லாதவர்கள் என்பதால் குப்பை பெருகுவதில்லை. ஒரு பொருள் ஒருவருக்கு வேண்டாததாகும் நாளும் இன்னொருவருக்கு வேண்டியதாகும் நாளும் ஒத்துப்போவதில்லை என்பதே பெரிய காரணம். நண்பகல் உணவுக்கு அரை மணி நேரம் மட்டுமே இருப்பதால் பிளாஸ்டிக் பெட்டி வருகிறது. விருந்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பது முன்கூட்டித் தெரியாததால் சோறு மிஞ்சுகிறது. மே மாதத்துக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில் பொருள்களை வைத்திருக்க ஆளும் இடமும் இல்லாததால் விசிறி எரிசாலைக்குப் போகிறது. இந்த இடைவெளிகளை யாராவது முன்வந்து பொறுப்பேற்றால் குப்பை குறையும் என்பதை நானும் என் நண்பர்களும் எங்கள் விடுதியில் செய்து பார்த்தோம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில், தூக்கியெறியப்படும் விசிறி எங்கே போகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் எரியக்கூடிய குப்பை அனைத்தும் எரிசாலைகளில் எரிக்கப்படுகிறது. அதனால் குப்பையின் கன அளவு சுமார் 90 விழுக்காடு குறைகிறது. அந்த வெப்பத்திலிருந்து ஓரளவு மின்சாரமும் கிடைக்கிறது. சாம்பலிலிருந்து இரும்பு முதலிய உலோகங்கள் பிரித்தெடுக்கப்படுகின்றன. எஞ்சிய சாம்பல் துவாஸிலிருந்து படகுகளில் ஏற்றப்பட்டு, நாட்டின் தெற்கே கடலில் இருக்கும் செமாக்காவ் குப்பை நிரப்பிடத்துக்குக் கொண்டுசெல்லப்படுகிறது. தலைநிலத்தில், அதாவது சிங்கப்பூரின் முதன்மைத் தீவில், கடைசியாக இயங்கிவந்த லோரோங் ஹாலுஸ் குப்பைமேடு 1999 மார்ச் 31ஆம் தேதி மூடப்பட்டது. மறுநாள் செமாக்காவ் செயல்படத் தொடங்கியது. புலாவ் செமாக்காவ், புலாவ் சாக்கேங் என்னும் இரண்டு தீவுகளை ஏழு கிலோமீட்டர் நீளக் கல்லணையால் வளைத்துக் கட்டி, சுமார் 350 ஹெக்டர் பரப்பில், ஏறக்குறைய 610 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலவில் அது அமைக்கப்பட்டது. சாக்கேங்கில் ஒரு மலாய் மீனவக் கிராமம் இருந்தது. அங்கு வாழ்ந்தவர்கள் நிரப்பிடத்துக்காகத் தலைநிலத்துக்குக் குடிபெயர்க்கப்பட்டார்கள். நாட்டின் ஒரே நிரப்பிடமான அது, இப்போதுள்ள வேகத்தில் குப்பை சேர்ந்தால் 2035ஆம் ஆண்டுவாக்கில் நிரம்பிவிடும் என்று அரசாங்கம் கணித்திருக்கிறது. ஒருவர் நாளொன்றுக்கு நிரப்பிடத்துக்கு அனுப்பும் குப்பையின் அளவை 2030ஆம் ஆண்டுக்குள் 30 விழுக்காடு குறைக்க வேண்டும் என்னும் இலக்கும் அதனால்தான் வகுக்கப்பட்டது.

முதலாண்டில் ஒரு பாடத்தின் பகுதியாக எங்களைச் செமாக்காவுக்கு அழைத்துச்சென்றார்கள். அங்கே துர்நாற்றம் இல்லை. கட்டுமானத்தின்போது பாதிக்கப்பட்ட அலையாத்திக் காட்டுக்கு ஈடாக நட்டு வளர்த்த மரங்கள் செழித்து நிற்கின்றன. நாரைகள் வந்து அமர்கின்றன. கடல்நீர் தெளிவாக இருக்கிறது. இந்தச் சிறிய நாட்டின் பொறியாளர்கள் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள் என்பதில் எனக்கு உண்மையான பெருமிதம் உண்டு. அதே வேளையில், அணையால் தடுக்கப்பட்ட பள்ளமொன்றில் சாம்பல் கொட்டப்பட்டு நீர்மட்டத்துக்கு மேல் மண்மேடாக எழும்பியிருப்பதைப் பார்த்தபோது, முந்தைய மே மாதத்தில் எங்கள் விடுதி வாசலில் கிடந்ததாக மூத்த மாணவர்கள் சொன்ன பொருள்கள் நினைவுக்கு வந்தன. ஒரு விசிறியின் மோட்டாரில் உள்ள உலோகம் ஒருவேளை மீட்கப்பட்டிருக்கும். அதன் இறக்கைகளும் கூண்டும் அடித்தட்டும் எரிந்து, எஞ்சியது இந்த மேட்டில் சேர்ந்திருக்கும். அந்த விசிறி இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் சுழன்றிருக்கும்.

மறுபயனீட்டுத் தொட்டியில் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஊரெங்கும் உள்ள நீலத்தொட்டிகள் 2001இல் தொடங்கிய தேசிய மறுபயனீட்டுத் திட்டத்தின் பகுதி. தாள், பிளாஸ்டிக், உலோகம், கண்ணாடி நான்கையும் ஒரே தொட்டியில் போடலாம். வசதியான ஏற்பாடுதான், ஆனால் ஒருவர் செய்யும் கவனக்குறைவு அதிலுள்ள எல்லாருடைய பொருள்களையும் பாதிக்கும். நீலத்தொட்டிகளில் விழுபவற்றில் சுமார் 40 விழுக்காடு மறுபயனீடு செய்ய இயலாதவை என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் கூறுகிறது. வீடுகளின் மறுபயனீட்டு விகிதம் 2024இல் 11 விழுக்காடு மட்டுமே. நாட்டின் ஒட்டுமொத்த விகிதம் அதே ஆண்டில் 50 விழுக்காடாக இருந்ததற்கு, கட்டுமான இடிபாடுகளும் உலோகங்களும் ஏறக்குறைய முழுமையாக மறுபயனீடு செய்யப்படுவதே முக்கியக் காரணம். பிளாஸ்டிக்கை மட்டும் எடுத்துக்கொண்டால் 2023இல் அந்த விகிதம் 5 விழுக்காடு. ஒட்டுமொத்த எண்ணைப் பார்த்துவிட்டு நம் அறையின் பிளாஸ்டிக்கில் பாதி மறுபிறவி எடுக்கிறது என்று நம்பிவிடக் கூடாது.

விடுதி மாடியில் இருந்த நீலத்தொட்டியைத் திறந்து பார்த்தாலே இந்த எண்களின் பொருள் விளங்கும். பாதி குடித்த பபிள் டீ குவளை ஒன்று கவிழ்ந்தால் போதும், அதற்கடியில் கிடக்கும் அட்டைப்பெட்டிகளும் பாடக்குறிப்புத் தாள்களும் நனைந்து பயனற்றவையாகிவிடும். எண்ணெய் படிந்த உணவுப்பெட்டி, மெல்லிழைத்தாள், ஸ்டைரோஃபோம் ஆகியவற்றுக்கும் அத்தொட்டியில் இடமில்லை. நாங்கள் செய்தது மிக எளிய காரியம். பொதுச் சமையலறையில் தொட்டிக்குப் பக்கத்திலேயே திரவங்களை ஊற்ற ஒரு வாளியை வைத்தோம். தொட்டியின் வாயைச் சுற்றி எழுத்துகளுக்குப் பதிலாக, எங்கள் விடுதியில் அடிக்கடி விழும் பொருள்களின் படங்களையே ஒட்டினோம். நின்று படிக்க நேரமில்லாதவரும் படத்தைப் பார்த்துவிடுகிறார். ஈரத்தாள்கள் கண்கூடாகக் குறைந்தன. இருந்தாலும், தொட்டியைச் செம்மைப்படுத்துவதில் செலவிடும் உழைப்பைவிட, தொட்டிக்கே வராதபடி பார்த்துக்கொள்ளும் உழைப்புக்குப் பலன் அதிகம் என்பதே என் தெளிவான கருத்து. மக்கும் பிளாஸ்டிக் என்று எழுதிய பெட்டிகளுக்கும் இது பொருந்தும். இந்நாட்டில் அவை மண்ணில் புதைக்கப்படுவதில்லை, மற்றவற்றோடு சேர்த்து எரிக்கப்படுகின்றன. ஆகவே அவற்றை வாங்குவதால் இங்கே பெரிய ஆதாயம் இல்லை.

இனி உணவு. சிங்கப்பூர் சுற்றுப்புற மன்றம் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் ஓராண்டில் பேரங்காடிகளிலிருந்து மட்டும் 82 கோடி பிளாஸ்டிக் பைகள் எடுக்கப்பட்டன. உணவுப்பெட்டி, குவளை, கரண்டி போன்று ஒருமுறை பயன்படுத்தி எறியப்படும் பிளாஸ்டிக் பொருள்கள் 47 கோடிக்கும் மேல். பைகளைப் பொறுத்தவரை, 2023 ஜூலை 3ஆம் தேதி முதல் பெரிய பேரங்காடிகள் பை ஒன்றுக்குக் குறைந்தது ஐந்து காசு வசூலிக்க வேண்டும் என்ற விதி வந்தபின் நிலைமை மாறியிருக்கிறது. என் அம்மாவே இப்போது கைப்பையில் ஒரு மடித்த பை இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை. உணவுப்பெட்டிகளின் கதை வேறு. நண்பகல் பன்னிரண்டு மணிக்கு விரிவுரை முடிந்து, அடுத்த வகுப்பு ஒரு மணிக்கு வேறொரு கட்டடத்தில் என்றால், நடந்துபோகும் நேரமும் வரிசையில் நிற்கும் நேரமும் போக உட்கார்ந்து சாப்பிட நேரம் மிஞ்சுவதில்லை. தபாவ் செய்துகொண்டு, அதாவது உணவைப் பெட்டியில் கட்டி வாங்கிக்கொண்டு, போவதைத் தவிர அந்த மாணவருக்கு வழியில்லை. அவரிடம் போய் விழிப்புணர்வு பேசுவதில் பயனில்லை. பெட்டி அவர் கையில் முன்பே இருக்க வேண்டும்.

சொந்தப் பெட்டி எடுத்துச்செல்வதில் சில நடைமுறைச் சிக்கல்கள் உண்டு. அவற்றை யாரும் சொல்லித்தருவதில்லை என்பதால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். வட்டமான பெரிய சம்படத்தை நீட்டினால், கடைக்காரர் எவ்வளவு சோறு வைப்பது என்று தடுமாறுவார். அவருடைய கை, கடையில் கொடுக்கும் பெட்டியின் அளவுக்குப் பழகியது. நீட்டிய பாத்திரம் பெரிதாக இருந்தால் குறைவாக வைத்ததுபோல் தோன்றும், கூட வைத்தால் அவருக்கு நட்டம். வரிசையில் பின்னால் நிற்பவர்களுக்கும் பொறுமை போய்விடும். கடைப்பெட்டியின் அளவும் வடிவமும் கொண்ட பெட்டியை வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் எழுவதில்லை. பிளாஸ்டிக் பெட்டியில் குழம்பின் மஞ்சளும் எண்ணெயும் ஒட்டிக்கொள்ளும்; விடுதியின் குளிர்ந்த தண்ணீரில் அது எளிதில் போகாது. எவர்சில்வர் பெட்டியென்றால் ஒரு துளி சோப்பில் சுத்தமாகிவிடும். பெட்டி சுத்தமாக இருக்க வேண்டியது கொண்டுவருபவரின் பொறுப்பு. மூடியைத் திறந்து காட்டியபடியே கொடுத்தால் கடைக்காரரின் தயக்கம் பாதி நீங்கிவிடும். எங்கள் உணவகத்தில் இந்தியச் சாப்பாட்டுக் கடை நடத்தும் அக்காவிடம் முதல் நாளே, "அக்கா, நாங்க கொஞ்ச பேரு தினமும் இந்த மாதிரி பெட்டிதான் கொண்டுவருவோம், உங்களுக்குச் சரியா இருக்குமா?" என்று கேட்டு வைத்துக்கொண்டோம். தபாவ் பெட்டிக்காக அவர் வாங்கும் கூடுதல் காசை எங்களிடம் வாங்குவதில்லை. நாளடைவில் அவரே மற்ற மாணவர்களிடம் எங்கள் பெட்டியைக் காட்டிப் பேசத் தொடங்கினார்.

இதில் புதுமை எதுவும் இல்லை. என் பாட்டியின் இளமைக் காலத்தில் காப்பிக்கடைக்காரர்கள் காலியான பால் டின்களில் கயிறு கட்டிக் காப்பியை ஊற்றிக் கொடுப்பார்களாம். குடும்பத்தில் அனைவருக்கும் வேண்டுமென்றால் வீட்டிலிருந்தே தூக்குச்சட்டியைக் கொடுத்தனுப்புவார்களாம். செம்பவாங் கடற்படைத்தளத்தில் வேலை செய்த தாத்தாவுக்கு நண்பகல் சோறு அடுக்குப் பாத்திரத்தில்தான் போகும். பழைய செய்தித்தாள்களையும் உடைந்த வானொலியையும் வாங்கிச்செல்லக் காராங்குனிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு புளோக்குப் புளோக்காக வருவதை நானே சிறுவயதில் கண்டிருக்கிறேன். வசதிக் குறைவால் வந்த பழக்கங்கள்தாம் அவை என்று பாட்டியே சொல்வார். ஆனாலும் அந்த வாழ்க்கையில் பாத்திரம் எப்போதும் திரும்பி வந்தது.

குடிநீர் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. இங்கே குழாய்நீரை அப்படியே குடிக்கலாம். வளாகம் முழுவதும் குடிநீர்க் குழாய்கள் உள்ளன. போத்தல் தண்ணீர் வாங்கக் காரணமே இல்லை. மற்ற பானங்களுக்கு, 150 மில்லிலிட்டர் முதல் மூன்று லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் போத்தல்களுக்கும் உலோகக் கலன்களுக்கும் பத்துக் காசு வைப்புத்தொகை விதித்து, காலிக்கலனைத் திருப்பித் தரும்போது அதைத் திரும்ப அளிக்கும் திட்டம் 2026 ஏப்ரலில் தொடங்கும் என அறிவிக்கப்பட்டது. கலன் திரும்பிவரும் பழக்கத்தை இந்தத் திட்டம் மீட்டுத் தரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தமிழ் மன்றத்தின் தீபாவளி விருந்தில் நாங்கள் செய்த மாற்றங்களைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. பல்கலைக்கழக நிகழ்ச்சிகளில் வருவதாகப் பதிந்துகொள்வோரில் கணிசமானோர் வருவதில்லை. ஏற்பாட்டாளர்களோ சோறு போதாமல் போய்விடக் கூடாது என்று கூடுதலாகவே சொல்லிவைக்கிறார்கள். விருந்துக்குச் சோறு குறைந்தது என்ற பெயர் நம் சமூகத்தில் பெரிய அவமானமாகக் கருதப்படுவதும் இதற்கு ஒரு காரணம். சமைத்து வரவழைக்கப்படும் உணவை, சூடாகவோ குளிராகவோ முறையாக வைத்திருக்காவிட்டால், சமைத்து நான்கு மணி நேரத்துக்குள் உண்டுவிட வேண்டும் என்பது சிங்கப்பூரின் உணவுப் பாதுகாப்பு வழிகாட்டி. எனவே மாலை ஏழு மணிக்கு வந்திறங்கிய பிரியாணி, ஆடல் பாடல் முடிந்து பத்தரை மணிக்கு மிஞ்சும்போது, அதை யாருக்கும் அனுப்ப நேரமிருப்பதில்லை.

நாங்கள் விருந்தை நிகழ்ச்சியின் இறுதியிலிருந்து தொடக்கத்துக்கு மாற்றினோம். இதுவே மிகப் பெரிய பலனைத் தந்த முடிவு. முதலில் சாப்பிட்டு முடித்தால், எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது எட்டு மணிக்கே தெரிந்துவிடும். பெட்டி கொண்டுவரும்படி முன்பே சொல்லப்பட்டவர்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள். எஞ்சியதைப் பற்றி மாணவர்களின் டெலிகிராம் குழுவில் தெரிவித்தால், நூலகத்தில் படித்துக்கொண்டிருப்பவர்கள் சில நிமிடங்களில் வந்துவிடுவார்கள். முந்தைய ஆண்டு நிகழ்ச்சிகளுக்கு உண்மையில் வந்தவர்களின் எண்ணிக்கையைப் பார்த்து, பதிந்தோரைவிடக் குறைவான எண்ணிக்கைக்கே உணவு சொல்லிவைத்தோம். தட்டுகளையும் கரண்டிகளையும் கழுவிப் பயன்படுத்தும் வகையில் தரும்படி உணவு தருவிப்பாளரிடம் கேட்டோம். சற்றுக் கூடுதல் கட்டணம் பெற்றுக்கொண்டு அவர் தந்தார், கேட்டிராவிட்டால் வழக்கப்படி பிளாஸ்டிக் தட்டுகளே வந்திருக்கும். வாழையிலை போடலாமே என்று சிலர் சொன்னார்கள். இங்கே இலையும் கடைசியில் எரிசாலைக்குத்தான் போகிறது. ஆகவே பொங்கலுக்கு ஒரு முறை, அதன் மணத்துக்காகவும் மரபுக்காகவும், இலை போடுவதென்று முடிவுசெய்தோம். துப்புரவு ஊழியர்களையும் பாதுகாவலர்களையும் விருந்தின் தொடக்கத்திலேயே விருந்தினராக அழைத்தோம். மிஞ்சியதை அவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்ற பேச்சு கூட்டத்தில் எழுந்தபோது அதை நான் வன்மையாக மறுத்தேன். உணவு வீணாகாமல் காப்பது யாருடைய மதிப்பையும் குறைத்துச் செய்யும் காரியமாக இருக்கக் கூடாது.

உணவை நன்கொடையாகக் கொடுப்பதற்கு நிறுவனங்கள் அஞ்சியதற்குச் சட்டப் பொறுப்பும் ஒரு காரணமாக இருந்தது. கொடுக்கும் நேரத்தில் உணவு பாதுகாப்பானதாக இருத்தல், எப்போதுவரை உண்ணலாம் என்பதைப் பெறுபவருக்குத் தெரிவித்தல் முதலிய நிபந்தனைகளைப் பின்பற்றினால் கொடையாளருக்குப் பாதுகாப்பளிக்கும் மசோதா 2024 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மாணவர் மன்றங்களும் இதை அறிந்துவைத்திருப்பது நல்லது.

இப்போது மே மாதத்துக்கு வருகிறேன். எங்கள் விடுதியில் தமிழ்நாட்டிலிருந்து வந்து முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் அண்ணன்மார், அக்காமார் சிலர் உண்டு. அவர்களிடையே பிரஷர் குக்கர் ஒன்று கைமாறி வந்துகொண்டிருக்கிறது. அதை ஊரிலிருந்து கொண்டுவந்தவர் பட்டம் பெற்றுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ரப்பர் வளையம் தளர்ந்துபோனால் சிராங்கூன் சாலையில் உள்ள பாத்திரக் கடையில் புதியது வாங்கி மாட்டுவார்கள். விசில் தொலைந்தபோதும் அங்கேதான் வாங்கினார்கள். போகிறவர் அடுத்துவரும் இளையவரிடம் குக்கரோடு, எந்த அடுப்பில் எத்தனை விசில் வைக்க வேண்டும் என்ற குறிப்பையும் சேர்த்தே ஒப்படைக்கிறார். இவர்களில் எவரும் இதை நீடித்த நிலைத்தன்மை என்று பெயரிட்டுச் செய்யவில்லை. விடுதி முழுவதும் தேவைப்படும் ஏற்பாடு இதுதான் என்று எனக்குத் தோன்றியது. முனைவர் பட்ட மாணவர்கள் ஆண்டு முழுவதும் இங்கே இருப்பதால் அவர்களுக்குள் இடைவெளி விழுவதில்லை. இளநிலை மாணவர்களுக்கோ மே முதல் ஆகஸ்டு வரை மூன்று மாத இடைவெளி விழுகிறது.

பொருள்களைச் சேர்ப்பது கடினமாக இல்லை. தேர்வுக்கு முந்தைய படிப்பு வாரத்திலேயே ஒவ்வொரு மாடியிலும் ஒரு மூலையைக் குறித்து, எந்தெந்தப் பொருள்களை எடுத்துக்கொள்வோம் என்று எழுதி ஒட்டினோம். கடைசி நாள் நெருங்கும்போது எவருக்கும் யோசிக்க நேரமிருக்காது என்பதால், அறிவிப்பு முன்கூட்டியே இருக்க வேண்டியது அவசியம். மின்சாதனங்களில் பாதுகாப்பு முத்திரை உள்ளவற்றை மட்டும் எடுத்தோம். சிங்கப்பூரின் மூன்று முனைச் செருகி இல்லாத வெளிநாட்டு எக்ஸ்டென்ஷன் வயர்களை ஒதுக்கினோம். எல்லாவற்றையும் ஒரு முறை செருகிப் பார்த்து, துடைத்து, வேலைசெய்கிறது என்று சீட்டு ஒட்டினோம்.

வைப்பதற்கு இடம் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. விடுமுறையில் விடுதி அறைகள் வேறு நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விடப்படுகின்றன. நடைபாதைகளில் பொருள் வைக்கத் தீப்பாதுகாப்பு விதிகள் இடந்தராது, தரவும் கூடாது. கேட்ட இடத்திலெல்லாம் கிடங்கு இல்லை என்றே பதில் வந்தது. அப்போது வீட்டிலிருந்து வந்து படிக்கும் நண்பர்கள் கைகொடுத்தார்கள். 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில், போர்க்காலத் தற்காப்புக்காகத் தடித்த சுவர்களும் இரும்புக் கதவும் கொண்ட ஒரு சிறிய அறை இருக்கும். பாம் ஷெல்டர் என்று எல்லாரும் அழைக்கும் அந்த அறை பெரும்பாலான வீடுகளில் சாமான் அறையாகத்தான் பயன்படுகிறது. பொங்கோல், செங்காங், ஜூரோங் வெஸ்ட் வீடுகளில் சில அம்மாக்கள் தங்கள் சாமான் அறையில் ஒரு மூலையை எங்களுக்கு ஒதுக்கித் தந்தார்கள். ஒரு வீட்டில் துணிமாட்டிகள் மட்டும், இன்னொரு வீட்டில் விசிறிகள் மட்டும் என்று பிரித்துக்கொடுத்தோம்; ஆகஸ்டில் திரும்ப எடுக்கும்போது தேட வேண்டியிருக்கவில்லை. தோழி ஒருத்தியின் அம்மா விசிறிகளின் கூண்டைக் கழற்றித் தூசி துடைத்து, பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். கேட்காமலேயே அவர் செய்த உதவி அது.

ஓடாத விசிறிகளையும் எல்லாம் எறிந்துவிடவில்லை. மேசை விசிறி முனகிக்கொண்டு சுழலாமல் நின்றால் பெரும்பாலும் அதிலுள்ள கெப்பாசிட்டர் செயலிழந்திருக்கும். சத்தமே இல்லாமல் நின்றுவிட்டால் வெப்பத்தில் அறுந்துபோகும் ஃபியூஸ் போயிருக்க வாய்ப்புண்டு. இரண்டுமே விலை குறைந்த பாகங்கள். இங்கே ரிப்பேர் கோப்பித்தியாம் என்ற அமைப்பின் தொண்டூழியர்கள் சமூக இடங்களில் கூடி, பழுதான பொருளைக் கொண்டுவருபவருக்கே பழுதுபார்க்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். எங்கள் குழுவில் பொறியியல் படிக்கும் ஒருவர் அங்கே கற்றுக்கொண்டு வந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். சரிசெய்ய முடியாதவை மின்கழிவுத் தொட்டிக்குப் போயின. 2021 ஜூலை முதல் மின்சாதன உற்பத்தியாளர்களே தங்கள் பொருள்களின் கழிவுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற திட்டம் இங்கே நடப்பில் உள்ளது. பெரிய மின்சாதனக் கடைகளில் கழிவைப் பெற்றுக்கொள்ளும் தொட்டிகள் இருக்கின்றன. இந்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்கிறது. மாணவர் அறையிலிருந்து போகும் பழைய சார்ஜரும் கைப்பேசியும் நீலத்தொட்டியில் விழாமல் அங்கே போய்ச் சேர வேண்டும்.

திறக்காத அரிசி, பருப்பு, நூடல்ஸ் முதலியவற்றை விடுமுறையிலும் தங்கியிருக்கும் ஆய்வு மாணவர்களுக்கு முதலில் கொடுத்தோம்; மீதியைச் சிங்கப்பூர் உணவு வங்கியின் நன்கொடைப் பெட்டியில் போட்டோம்.

பொருள்களைச் சேர்த்து வைப்பதைவிட, அவை இருக்கின்றன என்ற செய்தியை உரிய நேரத்தில் உரியவருக்குச் சொல்வது முக்கியம் என்று ஆகஸ்டில் தெளிவாகத் தெரிந்தது. சென்னையிலிருந்தோ, கோலாலம்பூரிலிருந்தோ, யாழ்ப்பாணத்திலிருந்தோ வரும் மாணவர் தரையிறங்கிய முதல் நாளே பெற்றோருடன் முஸ்தபாவுக்கோ ஐக்கியாவுக்கோ போய் வேண்டியதையெல்லாம் வாங்கிவிடுகிறார். மறுநாள் நாம் மேசை போட்டு இலவசமாகக் கொடுத்தாலும் அவருக்கு அது தேவைப்படுவதில்லை. ஆகவே ஜூலையிலேயே, புதிய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில், இன்னின்ன பொருள்கள் விடுதியில் கிடைக்கும், வாங்க வேண்டாம் என்று படங்களோடு தெரிவித்தோம். முன்பதிவு செய்தவர்களின் பெயரை எழுதி ஒட்டி வைத்தோம். ஒரு பெற்றோர், பிறர் பயன்படுத்திய பொருளைப் பிள்ளை எடுத்துக்கொள்வதா என்று தயங்கினார். அவருடைய தயக்கம் எனக்குப் புரிகிறது. பிள்ளையை முதன்முறையாக வெளிநாட்டில் விட்டுச்செல்லும்போது எல்லாம் புதிதாக இருக்க வேண்டும் என்று மனம் விரும்பும். படிப்பு விளக்கை எரியவிட்டுக் காட்டியபோது, அவரே துணிமாட்டிகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்.

துணிகளுக்கு வேறு அணுகுமுறை வேண்டும். அறிமுக வாரத்தில் துறைக்கு ஒன்று, விடுதிக்கு ஒன்று, மன்றத்துக்கு ஒன்று என்று டி-சட்டைகள் அச்சடிக்கப்படுகின்றன. அவற்றில் ஆண்டைப் பெரிதாகப் பொறித்துவிடுவதால் அடுத்த ஆண்டு எவரும் அணிவதில்லை. சிங்கப்பூரில் துணிக்கழிவின் மறுபயனீடு 2023இல் சுமார் 2 விழுக்காடுதான் என்னும்போது, அச்சடிக்காமல் இருப்பதே வழி. எங்கள் மன்றம் இப்போது ஆண்டைப் பொறிப்பதில்லை. எஞ்சும் சட்டைகளை மறு ஆண்டும் கொடுக்கிறோம்.

பல்கலைக்கழக நிர்வாகங்களிடம் நான் கேட்க விரும்புவது இவைதாம். மே முதல் ஆகஸ்டு வரை பூட்டி வைக்கக்கூடிய, தீப்பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்ட ஓர் அறையை ஒவ்வொரு விடுதியிலும் ஒதுக்க வேண்டும். விடுதி காலியாகும் வாரத்தில் கூடுதல் குப்பைத் தொட்டிகளுக்கும் வண்டிகளுக்கும் எப்படியும் பணம் செலவாகிறது. அந்த அறை அச்செலவைக் குறைக்கவே செய்யும். புதிய மாணவருக்கு அனுப்பும் வரவேற்பு மின்னஞ்சலில், என்னென்ன வாங்க வேண்டும் என்ற பட்டியலோடு, என்னென்ன இங்கேயே கிடைக்கும் என்ற பட்டியலும் இருக்க வேண்டும். நண்பகல் வகுப்புகளுக்கு இடையே உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்காவது நேரம் விடும்படி கால அட்டவணை அமைக்கப்பட வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கை சுற்றுப்புறத்தோடு தொடர்பில்லாததுபோல் தோன்றலாம். ஆனால் எங்கள் குப்பைத் தொட்டியில் நிரம்பும் உணவுப்பெட்டிகளில் பெரும்பகுதி அந்த அவசரத்தில்தான் வருகிறது.

தலையணைகளுக்கும் மெத்தை விரிப்புகளுக்கும் எங்களுக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. சுகாதாரக் காரணத்தால் அவற்றைப் பிறருக்குக் கொடுக்க இயலவில்லை; சாமான் அறைகளிலும் அவற்றுக்கு இடம் போதாது. ஆகவே வரும் கல்வியாண்டில், உறையைக் கழற்றித் துவைக்கக்கூடிய தலையணைகளை விடுதியே வாங்கி வாடகைக்குக் கொடுக்க முடியுமா என்று மாணவர் குழு சார்பில் கேட்கவிருக்கிறோம். அதற்கான மதிப்பீட்டை இரண்டு நண்பர்கள் தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள்; வேறு விடுதிகளில் இதைச் செய்து பார்த்தவர்கள் இருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள்.